கோழிக்கு எந்தக் கட்டம்?

ஏழெட்டு மாதமாக எனக்கு ஒரு குழப்பம். அதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று போன செவ்வாய்க்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ராத்திரி திரும்பி வந்தபோது குழப்பம் அப்படியே இருந்தது... வயிறு மட்டும் நிறைந்திருந்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் குழம்பிவிட்டு, கார்டு போட்டு என்னைத் திட்டுவீர்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் புது உத்தியோகம் தெரியும். பெண்கள் கல்லூரியில் சத்துணவுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் போய் மாட்டிக்கொண்டேன். பதவியின் பெயர் கோஆர்டினேட்டர். ஆய்வின் பெயர் — மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் — 'உணவு நீதியும் ஊட்டச்சத்துச் சமத்துவமும்: ஒரு சமூகப் பங்கேற்பு ஆய்வு.' பேனர் எழுத வந்த பெயிண்டர், இதில் பாதியை எழுதினால் போதாதா என்று பணிவாகக் கேட்டார். எந்தப் பாதி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெயர்தான் அப்படி. விஷயம் எளிமையானது. யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்? எது கிடைக்கவில்லை? ஏன் கிடைக்கவில்லை? இதை ஆர்.எஸ்.புரத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் போய்க் கேட்கக் கூடாது. அந்தந்த வீதிக்காரர்களே தங்கள் வீதியில் கேட்டு, அவர்களே எழுதி, அவர்களே முடிவைச் சரிபார்க்க வேண்டும். அப்போதுதான் உண்மை வெளியே வரும் என்று ட்ரெயினிங் வகுப்பில் நான்தான் மேஜையைத் தட்டிப் பேசினேன். கரும்பலகையிலும் பெரிதாக எழுதிப் போட்டேன். "மக்கள் சொன்னதை மாற்றாதே. உன் கருத்தைச் சேர்க்காதே."

இந்த இரண்டு வரியும் பிறகு என்னையே வந்து கடிக்கும் என்று அப்போது தெரியாது.

பொங்கல் முடிந்த கையோடு ஃபாரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கூட்டி அட்டவணை போடும் வேலை ஜமீலாவுடையது. கோட்டைமேட்டுப் பெண், அப்பா அத்தர் வியாபாரி. கணக்கில் கெட்டி. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். ஒருநாள் மத்தியானம் ஒரு கட்டு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மேடம், கோழிக்கு எந்தக் கட்டம்?"

எந்தக் கோழி? எங்கள் ஃபாரத்தில் ஆண்களுக்குக் கட்டம் உண்டு. பெண்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, குழந்தைகளுக்கு, வயதானவர்களுக்கு — எல்லாருக்கும் கட்டம் உண்டு. கோழிக்கு எதற்குக் கட்டம்?

வாங்கிப் பார்த்தேன். உடுமலைப்பேட்டைக்கு வெளியே தென்னந்தோப்புகளை ஒட்டிய ஒரு வீதி. தோப்பு வேலை, தேங்காய்க் களத்து வேலை செய்கிறவர்கள். 'ரேஷன் அரிசியை என்ன செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு முதல் ஃபாரத்தில் 'கோழிக்கு' என்று எழுதியிருந்தது. அடுத்ததிலும் கோழிக்கு. அதற்கடுத்ததிலும். ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் தாராளமாக, 'எங்கள் கோழிக்கும் பக்கத்து வீட்டுக் கோழிக்கும்'. சரி, சோற்றுக்கு? 'கடை அரிசி. பொன்னி.' எல்லா வீட்டிலும் பொன்னி!

ஜமீலா விடவில்லை. "இன்னொண்ணு மேடம். இத்தனை கோழி இருக்குது. ஆனா ஒரு வீட்டுலகூட முட்டை சாப்பிட்டதா எழுதலை."

விற்றிருப்பார்களோ என்று கேட்டேன். விற்றதாகவும் எழுதவில்லையாம்.

அத்தனை மூட்டை அரிசியையும் கோழிகளே தின்றால் அந்த வீதி எப்படி இருக்க வேண்டும்? பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்களே பொறாமைப்படுவார்களே! நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இதில் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. அந்த வீதிக்காரர்களுக்கு ரேஷன் கடை வெகு தூரம். பஸ்ஸும் அந்தப் பக்கம் போகாது. அரிசி என்றைக்கு வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. வந்துவிட்டதாம் என்று யாராவது சொன்னால், களத்து வேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓட வேண்டும். ஓடி, நின்று, சில நாள் வெறும் பையோடு திரும்ப வேண்டும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது அவர்கள் விஷயத்தில் பழமொழி இல்லை, தினப்படி சமாச்சாரம். எங்கள் வீதிக்கே பகுதி நேரமாக ஒரு கடை வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

கடைசியில் ஓர் அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். ரேஷன் அரிசியை நம்பித்தான் அந்த வீதி சாப்பிடுகிறது என்று ஆய்வில் தெரிந்தால் தாமே சிபாரிசு எழுதுவதாகச் சொன்னார். நாங்கள் முடிவுகளை வீதிக்காரர்கள் முன்னால் படித்துக் காட்டும் நாளில் தாமும் வந்து உட்கார்ந்து கேட்பதாகவும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

இப்போது என்னவென்று படிப்பது? கோழிகளுக்கு ஒரு ரேஷன் கடை வேண்டும் என்றா?

ஃபாரங்களைப் பூர்த்தி செய்தவள் யார் என்று பார்த்தேன். ருக்மணி. அதே வீதிக்காரி. பத்தாவது வரை படித்தவள். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் எழுதிப் போட்டதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்து எழுதியவள். கட்டின் அடியில் அவள் வீட்டு ஃபாரமும் இருந்தது. ரேஷன் அரிசி? 'கோழிக்கு.'

மறுநாளே கிளம்பிவிட்டேன். பொள்ளாச்சி தாண்டுகிற வரைக்கும் எனக்குக் கோபம்தான். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தேனே, இப்படியா எழுதுவாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

வீதிக்குள் நுழைந்ததும் என் கண் தரையைத்தான் தேடியது. கோழி எங்கே? கூடை கவிழ்த்த வீடு ஒன்றுகூட இல்லை. டெய்லர் வீட்டு வாசலில் ஒரே ஒரு பழுப்புப் பெட்டை நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பாவம், மெலிந்துபோன கோழி. ஊர் அரிசியெல்லாம் தன் பெயரில் எழுதப்பட்டிருப்பது அதற்குத் தெரியுமோ என்னவோ.

ருக்மணி களத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவள் வீட்டுக்காரர் தென்னை மரம் ஏறுகிறவர். இரண்டு வருஷம் முன்னால் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. அதிலிருந்து கயிற்றுக் கட்டிலோடு சரி. குழந்தைகள், கல்யாண வயதில் ஒரு நாத்தனார் — எல்லாருக்கும் இவள் கூலிதான்.

கேட்க வந்ததைக் கேட்க விடுவார்களா? நம் கொங்குச் சீமையில் முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. உட்காருங்கள் என்று பாயை விரித்துவிட்டு, ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பி வந்தபோது சொம்பின் வாயைத் துண்டால் மூடியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் இலையில் பொன்னி அரிசிச் சோறு. பூவாட்டம். நீயும் உட்காரேன் என்றேன். அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு விசிறிக்கொண்டே நின்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தேன்.

"இந்த வீதியில எத்தனை கோழி இருக்குது கண்ணு?"

"ஒண்ணு இருக்குதுங்க்கா. டெய்லர் ஊட்டுது."

"அப்பறம் எல்லாரும் ரேஷன் அரிசி கோழிக்குன்னு சொல்லியிருக்காங்களே?"

"சொன்னாங்க. சொன்னத எழுதுனேனுங்க. மாத்தப்படாதுன்னு நீங்கதானுங்க போர்டுல எழுதிப்போட்டீங்க."

அவர்கள் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். தனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியுமாம்.

"அப்ப உன்னோட ஃபாரம்? அதை நீதானே கேட்டு நீதானே எழுதினே?"

திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரெல்லாம் கோழிக்குன்னு எழுதிப்போட்டு, என்ற ஊட்டுக்கு மட்டும் சோத்துக்குன்னு எழுத முடியுங்களா அக்கா?"

நியாயம்தானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே கோழிக்குள் மறைத்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் கோபப்பட முடியவில்லை.

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். நாத்தனாரைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வரப்போகிறார்களாம். 'ரேஷன் அரிசி தின்கிற வீடு' என்று ஒரு பேச்சு காதில் விழுந்தால் போதும், பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்களாம். எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கிறதாம். அதனால் அந்த அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, வாடை போக வடித்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். கேட்டால் கோழி.

இதெல்லாம் சரி. கடை வேண்டுமா, வேண்டாமா? அதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. களத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம் — இன்னொரு தரம் ரேஷன் என்று சொல்லிக்கொண்டு வேலை நேரத்தில் போனால், அப்படியே போய்விட வேண்டியதுதான், திரும்பி வர வேண்டாம். வேலைக்குப் போனால் அரிசி இல்லை. அரிசிக்குப் போனால் வேலை இல்லை. "எப்படியாச்சும் கடை வந்தாகோணுங்க்கா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அவர்கள் சொன்னதை எழுதினால் கடை போகும். நான் பார்த்ததை எழுதினால் மானம் போகும். மக்கள் சொன்னதை மாற்றாதே என்று எழுதிப் போட்டவள் நான். அதே மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவளும் நான். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் காபி சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள், ஒரு கவளம் சோற்றில் என்ன மானம் போகிறது என்று கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். நம் வீட்டில் ரேஷன் பாமாயில் எதற்கு வாங்குகிறோம் என்று.

"விளக்குக்கு" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது! வாங்குகிற பாமாயிலுக்கு எங்கள் வீட்டில் கார்த்திகை தீபம் வருஷம் முழுக்க எரிய வேண்டும். போன தீபாவளிக்கு அக்கம்பக்கமெல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முறுக்கு எதில் சுட்டது என்று எனக்குத்தானே தெரியும்? யாராவது கேட்டால் விளக்குக்கு. ரேஷன் சர்க்கரை வேலைக்காரம்மா காபிக்கு. ஆர்.எஸ்.புரத்தில் இப்படி எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று ஒரு சர்வே எடுத்தால் தெரியும். ஆக, எல்லார் வீட்டிலும் ஒரு கோழி இருக்கிறது. நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இது புரிந்ததும் குழப்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. இன்னும் கூடிப்போயிற்று. என் விளக்கை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கோழியை மட்டும் எப்படி ஊர் நடுவில் வைத்து ஒப்புக்கொள்ளச் சொல்வது?

ஜமீலாவிடம் யோசனை கேட்டேன். சொன்னதை அப்படியே படியுங்கள் மேடம், தப்பென்றால் அவர்களே திருத்தட்டும், அதற்காகத்தானே கூட்டமே போடுகிறோம் என்றாள். சரிதான். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் யாரும் திருத்தாவிட்டால்?

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று களத்துக்குக் காய் வராத நாள். காய் காயப் போடும் சிமெண்டுத் தரையிலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்தால் யார் ரேஷன் கடை கொடுப்பார்கள்?

அதிகாரி ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். கீரை வாரத்துக்கு ஒருநாள். பால் காபிக்கு மட்டும். முட்டை அறவே இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் அந்த வரி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன்: "இந்த வீதியில் ரேஷன் அரிசி பெரும்பாலும் கோழிகளுக்குப் பயன்படுகிறது."

அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலாவது ஒரு சலனம் இருக்க வேண்டுமே? கிடையாது. கோவில் புராணம் கேட்பது போல உட்கார்ந்திருக்கிறார்கள். டெய்லரும் தலையாட்டினார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. ஜமீலாவுக்கு வந்த அதே சந்தேகம் அவருக்கும் வந்துவிட்டது.

"ஏனுங்க, இத்தனை கோழி இருக்குது. முட்டை அறவே இல்லைன்னு படிச்சீங்களே?"

நான் ருக்மணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளைக் கேட்பது போல ஆகிவிடும் என்று தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி வருத்தமாகத்தான் சொன்னார். கடை என்பது மனுஷர்களுக்கானது, கோழிக்குத்தான் அரிசி போகிறது என்றால் தம்மால் சிபாரிசு எழுத முடியாது என்று. பேனாவை மூடினார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ருக்மணி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு நிமிஷம் தன் நாத்தனார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது.

"அந்தக் கோழி நாங்கதானுங்க" என்றாள்.

ஊர் முழுக்க மூடி வைத்திருந்த பானையை இவள் ஒருத்தி திறந்துவிட்டாளே, இனி யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க." அப்புறம் இன்னொரு குரல். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டெய்லர் மட்டும், தம் வீட்டில் நிஜமாகவே ஒரு கோழி இருப்பதாகவும், அதற்கும் அந்த அரிசியை இன்றுவரை போட்டதில்லை என்றும் சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"எங்கூட்டுல எருமைக்குன்னு சொல்லுவமுங்க அம்மணி" என்றார். "எருமைய வித்து ரொம்ப வருசமாச்சு. அப்பவும் எருமைக்குத்தானுங்க."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு களம் முழுக்கச் சிரிப்பு. ருக்மணி மட்டும் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். அது தெரியும்.

ஆடி மாதத்தில் கடை வந்துவிட்டது. பால்வாடிக்குப் பக்கத்து அறையில், வாரம் ஒருநாள், களத்து வேலை முடிகிற நேரத்துக்குத் திறக்கிறார்கள். ருக்மணியின் வேலைக்கு ஆபத்தில்லை. நாத்தனார் சம்பந்தமும் தட்டிப் போகவில்லை. தாராபுரத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்தது. மாப்பிள்ளை வீட்டிலும் கோழி வளர்க்கிறார்களாம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் இன்னும் குழம்பப்போகிறேன்?

ஆய்வின் இரண்டாம் சுற்று ஃபாரங்கள் போன வாரத்துக்கு முந்திய வாரம் வந்தன. ஜமீலா மறுபடியும் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். ஃபாரங்களை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

கோழிக்கு. கோழிக்கு. கோழிக்கு. ருக்மணி வீட்டு ஃபாரத்தில்? அதே முத்து முத்தான கையெழுத்தில் — கோழிக்கு.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பஸ் ஏறினேன். நான் போனது கடை திறக்கிற நாளாக அமைந்துவிட்டது. பெண்கள் பையும் கையுமாக வரிசையில் நின்று என்னைப் பார்த்து ஆசையாகச் சிரித்தார்கள். யார் முகத்திலும் ஒரு கூச்சமும் இல்லை. ருக்மணி அப்போதுதான் களத்திலிருந்து வந்தவள், அரிசிப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன கண்ணு இது? ஊருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னே. மறுபடியும் கோழியா?"

"அன்னைக்குக் கடைக்காகச் சொன்னதுங்க்கா. கடைதான் வந்திருச்சுங்களே. அப்பறம் எதுக்குங்க எழுதி வெக்கோணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். உண்மையை ஒருதரம் சொன்னால் போதுமா, வருஷா வருஷம் சொல்ல வேண்டுமா? தேவைப்படும்போது வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாமா? நல்ல சேலையை அப்படித்தானே வைத்திருக்கிறோம். எந்தப் பாட நூலிலும் இதற்கு விடை இல்லை. நான்தான் அந்தப் பாடத்தையெல்லாம் நடத்தினவளாயிற்றே, எனக்குத் தெரியாதா?

நான் யோசித்துக்கொண்டே இருக்க, அவள் பாயை விரித்தாள். சரி, சொம்பை எடுத்துக்கொண்டு பொன்னி கடன் வாங்கப் பின்வாசலுக்குப் போகப்போகிறாள் என்று பார்த்தேன். போகவில்லை. மத்தியானமே ஆக்கி வைத்திருந்த பானையை அப்படியே தூக்கி வந்தாள். அரிசிம்பருப்புச் சோறு. எனக்கு ஒரு தட்டு வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

பெரிய பெரிய பருக்கை. லேசாகப் பழுப்பு. எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாத அந்தக் கிடங்கு வாடை, பூண்டையும் சீரகத்தையும் தாண்டிக்கொண்டு வந்தது. ஒரு வாய் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வாய் வைத்துக்கொண்டே அவளைச் சீண்டினேன்.

"ஏன் கண்ணு, இது கோழிக்கு வாங்கினதாச்சே?"

"ஆமாங்க்கா" என்றாள் ருக்மணி, என் தட்டில் தேங்காயெண்ணெயை ஒரு சுற்று விட்டுக்கொண்டே. "இப்ப நீங்களும் எங்கூட்டுக் கோழிதானுங்க. இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

ஜமீலா... எனக்கு எந்தக் கட்டம்?